உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

வீட்டு நாய் உறுமுகிறது, என்ன செய்யலாம் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "மூக்குமேல ஒண்ணு போடுங்க, அப்புறம் உறுமாது" என்று பதில் வரும். அதில் பாதி உண்மைதான். உறுமாது. அடுத்த முறை நேரே கடிக்கும்.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனால் நிஜமாகவே பயப்பட வேண்டியது, உறுமக் கூடாது என்று அடி வாங்கிக் கற்றுக்கொண்ட நாயைப் பார்த்துத்தான்.

உறுமலைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு தகவல். "எனக்கு இது பிடிக்கவில்லை, கொஞ்சம் விலகு" என்பதைச் சொல்ல நாயிடம் இருக்கும் கடைசிக்கு முந்தைய வழிகளில் ஒன்று. அதற்கு முன்பே அது பலமுறை சொல்லியிருக்கும், நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். முகத்தை ஒரு பக்கம் திருப்பும். பக்கத்தில் தீனி எதுவும் இல்லாமலே நாக்கை நீட்டி மூக்கை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். காது பின்னால் ஒட்டும், உடம்பின் எடை பின்னங்காலுக்குப் போகும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டும்போது கண்ணோரத்து வெள்ளை பிறைபோலத் தெரியும். அதன்பின் வாயை மூடிக்கொண்டு அப்படியே உறைந்து நிற்கும். இந்த உறைதல் சில நேரம் ஒரு நொடிகூட நீடிக்காது, ஆனால் மிக முக்கியமான அறிகுறி இதுதான். உறுமல் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். அதற்கும் மேலே உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுவது, காற்றைக் கடிப்பது, கடைசியில் கடி. கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இந்த வரிசையை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். எல்லா நாயும் எல்லாப் படியிலும் ஏறும் என்பதில்லை. கீழ்ப்படிகளில் சொல்லிப் பயனில்லை என்று கண்ட நாய் அவற்றைத் தாண்டிப் போய்விடும்.

வாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால் ஆடினால் நட்பு என்று நினைக்காதீர்கள். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் வேறு, விறைத்து மேலே தூக்கி நுனி மட்டும் படபடவென்று துடிக்கும் வால் வேறு. இரண்டாவதைப் பார்த்துக் கையை நீட்டியவர்கள் "வாலை ஆட்டிட்டேதான் கடிச்சது" என்று பிறகு ஆச்சரியப்படுவார்கள்.

அடித்தால் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். தட்டில் சாப்பிடும் நாயின் அருகே நீங்கள் போகிறீர்கள், பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அது உறுமுகிறது, நீங்கள் ஓர் அறை வைக்கிறீர்கள். நாய் கற்ற பாடம் இரண்டு. ஒன்று, உறுமினால் வலிக்கும். இரண்டு, சாப்பிடும்போது இவர் பக்கத்தில் வருவது நான் நினைத்ததைவிட ஆபத்து. பயம் இரட்டிப்பானது, அதை வெளியே சொல்லும் வழியும் அடைபட்டது. இதற்குப் பிறகுதான் "திடீர்னு எந்தக் காரணமும் இல்லாம கடிச்சிடுச்சு" என்ற புகார் வருகிறது. கழுத்தில் மின்னதிர்ச்சிப் பட்டை மாட்டி உறுமலை நிறுத்துவதும் இதே கணக்குத்தான், கை வலிக்காது என்ற வித்தியாசத்தோடு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை நடத்தை மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நடத்தைச் சிக்கலுக்காக நாயை அழைத்து வந்த 140 பேரிடம், இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், நாய் எப்படி நடந்துகொண்டது என்று கேட்டார்கள். அடித்தவர்கள் அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்கு மூர்க்கம் காட்டியதாகச் சொன்னார்கள். வாயிலிருந்து பொருளை வலுக்கட்டாயமாகப் பிடுங்கியவர்களில் 39 சதவீதம். மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடித்தவர்களில் 31. வெறுமனே முறைத்துப் பார்த்ததற்கே 30. இவை ஏற்கெனவே சிக்கலோடு வந்த நாய்கள், ஆகவே எல்லா நாய்க்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அடியும் அழுத்தலும் பரிந்துரைக்கப்படுவதும் இப்படிப்பட்ட நாய்களுக்குத்தானே?

"நீங்கதான் தலைவன்னு காட்டணும்" என்ற வாதம் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ளலாம். ருடால்ஃப் ஷென்கெல் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சி சாலையில் ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதியது அதன் தொடக்கம். அடைபட்ட இடத்தில் வாழ்ந்த அந்த ஓநாய்கள் முதலிடத்துக்கு மோதிக்கொண்டன. அந்தக் கருத்தைப் பின்னாளில் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கவனித்தபின் 1999இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். போட்டி போட்டு முடிசூடும் தலைவன் அங்கே இல்லை. ஓநாய்க்கே பொருந்தாததை, மனிதரோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து மாறிப்போன நாயின்மேல் இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நாய் உறுமிவிட்டது. அந்த நிமிடம் என்ன செய்வது? செய்துகொண்டிருந்ததை நிறுத்துங்கள். கண்ணை நேராகப் பார்க்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு மூன்று அடி விலகுங்கள். திட்ட வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். "விலகினால் அது ஜெயிச்சதா ஆயிடாதா?" என்று கேட்பார்கள். கடி வாங்குவதைவிட அது மலிவு. சிக்கலைத் தீர்க்கிற நேரம் அது இல்லை, நாய் அமைதியாக இருக்கும் வேறொரு நாளில் அந்த வேலை.

முதல் வேலை பயிற்சியாளரைத் தேடுவது அல்ல, கால்நடை மருத்துவரிடம் போவது. இதுவரை தொட விட்ட நாய் புதிதாக உறுமினால், வேறு ஒன்று நிரூபணமாகும்வரை வலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். காதைத் தொட்டால் உறுமுகிறதா, காதுக்குள் சீழோ பூஞ்சையோ இருக்கலாம். முகத்தைத் தொட்டால் என்றால் உடைந்த பல், ஈறு வீக்கம். தூக்கும்போது என்றால் முதுகெலும்பு, இடுப்பு மூட்டு. சோபாவை விட்டு இறக்கும்போது உறுமும் வயதான நாயைப் 'பிடிவாதம்' என்பார்கள். பல நேரம் அது மூட்டுத் தேய்மானம். காது மந்தமான கிழட்டு நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டு உறுமும், அதற்கு மருந்தே வேண்டாம். பக்கத்தில் போய்த் தரையை இரண்டு தட்டுத் தட்டி, அது கண் விழித்த பிறகு தொடுங்கள்.

இனி தட்டுச் சண்டை. வீடுகளில் அதிகம் கெட்டுப்போவது இந்த விஷயத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் எத்தனை அடி தூரத்தில் நின்றால் நாய் உடம்பு விறைக்காமல், வேகம் கூட்டாமல் சாப்பிடுகிறது என்று முதலில் பாருங்கள். தலையைத் தட்டுக்குள் இன்னும் தாழ்த்துவது, அள்ளி அள்ளி விழுங்குவது, ஒரு கணம் மெல்லாமல் நிற்பது, இவையெல்லாம் உறுமலுக்கு முந்தைய கட்டம். ஐந்தடியில் இப்படிச் செய்கிறது என்றால் ஏழெட்டு அடியில் தொடங்குங்கள். அந்த இடம்வரை போய், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, எலும்பில்லாத வேகவைத்த கோழியென்றால் சுண்டுவிரல் நகமளவு துண்டு, தட்டுக்கு அருகே விழும்படி எறிந்துவிட்டு உடனே திரும்பி நடங்கள். திரும்பி நடப்பது பாதிப் பயிற்சி. அங்கேயே நின்று ரசித்தால் நாய் பதறும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்தாறு முறை போதும். நீங்கள் வருவதைப் பார்த்ததும் தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, 'அடுத்த துண்டு எங்கே' என்று பார்க்கத் தொடங்கும். தொடர்ந்து மூன்று வேளை அப்படிப் பார்த்தால் அரையடி நெருங்கலாம், அதற்கு முன் வேண்டாம். தட்டுப் பக்கத்தில் வந்து நிற்க வாரங்கள் ஆகும். நடுவில் உறுமினால் நாய் கெட்டுவிடவில்லை, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். பழைய தூரத்துக்குப் போங்கள்.

எங்கே தவறுகிறது? சாப்பிடும் தட்டுக்குள் கையை விட்டுக் கிளறுவது முதல் தவறு. குட்டியிலிருந்தே இப்படிப் பழக்கினால் உறுமாது என்று சொல்லித்தருகிறவர்கள் உண்டு. நீங்கள் சாப்பிடும்போது ஒருவர் தினமும் உங்கள் தட்டில் கைவிட்டால் உங்களுக்கு அவர்மேல் அன்பு பெருகுமா? அடுத்தது, சோதித்துப் பார்க்கத் தட்டை எடுப்பது. இரண்டு வார உழைப்பை இரண்டு நொடியில் கெடுக்கும் வேலை. தட்டில் இருக்கும் அதே தீனியை எறிவதும் வீண், அதற்காக நாய் ஏன் மனம் மாற வேண்டும்? இன்னொன்று, உங்களோடு பழகிவிட்டது என்பதற்காக வீட்டிலுள்ள மற்றவர்களோடும் பழகிவிட்டது என்று நினைப்பது. பெரியவர்கள் ஒவ்வொருவரும் தூரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சியில் வேலையே இல்லை.

ஏற்கெனவே ஒருமுறை கடித்த நாய் என்றால் நீங்களே இதைச் செய்ய வேண்டாம். தனி அறையில் கதவைச் சாத்திச் சாப்பாடு வையுங்கள், நடத்தை தெரிந்த மருத்துவரை அழையுங்கள். காலம் முழுக்கத் தனி அறையிலேயே சாப்பிட்டாலும் அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

வாயில் கவ்விய பொருளுக்கும் இதே தத்துவம். காலுறையைக் கவ்விய நாயைத் துரத்தினால் அது கொடுக்காது, விழுங்கும். பிறகு குடலடைப்பு, அறுவை சிகிச்சை. அவசரமென்றால் ஒரு பிடி நல்ல தீனியை நாலடி தள்ளிச் சிதறலாக வீசுங்கள், அது பொறுக்கும் நேரத்தில் பொருளை எடுங்கள். அவசரமில்லாத நாட்களில் 'கொடு' பழக்குங்கள்: அதிகம் பிடிக்காத பொம்மையைக் கொடுத்து, 'கொடு' என்று சொல்லி, மூக்கருகே தீனியைக் காட்டி, கீழே போட்டதும் தீனியைக் கொடுத்து, பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுப்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கொடுத்தால் போய்விடும் என்று கற்ற நாய் ஏன் கொடுக்கும்?

நகம் வெட்டும்போது உறுமுவது பெரும்பாலும் பழைய காயத்தின் நினைவு. நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் உண்டு. கறுப்பு நகத்தில் வெளியே தெரியாது, ஆகவே ஒரு மில்லிமீட்டர் அளவாகச் சீவி வெட்டுப்பட்ட முகத்தைப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நகம், ஒரு துண்டு தீனி. எல்லா நகத்தையும் இன்றே முடிக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

விளையாட்டு உறுமலை இதோடு குழப்ப வேண்டாம். கயிறு இழுக்கும்போது துள்ளலும் தளர்ந்த உடம்புமாக உறுமினால் விளையாட்டுத்தான்.

குழந்தை இருக்கும் வீட்டுக்கு: குழந்தை கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் படங்களைப் பார்த்து 'அழகு' என்று சொல்வதை நிறுத்துவோம். மேலே சொன்ன ஏணியில் அந்த நாய் ஏறத் தொடங்கிவிட்டது. மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். நாய் நெருங்கி வந்தால் மறுபடி தடவலாம், அங்கேயே நின்றால் அல்லது விலகினால் விட்டுவிட வேண்டும். தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், இவற்றின் பக்கம் போகக் கூடாது. ஒரே அறையில் இருவரையும் பெரியவர் துணையின்றி விடாதீர்கள், எவ்வளவு 'சாது'வாக இருந்தாலும்.

வாய்ப்பூட்டைச் சிலர் கொடுமை என்கிறார்கள். சரியான வாய்ப்பூட்டு கொடுமை அல்ல. கூடை வடிவில், உள்ளே வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும். துணிக்குழாய் வகை வாயை இறுக்கி மூடும். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைப்பால் என்பதால், அதை மருத்துவர் மேசையில் சில நிமிடங்களுக்கு மேல் போடக் கூடாது. வாங்கி வந்த அன்றே மாட்டிவிடாதீர்கள். கூடையின் உள்ளே நிலக்கடலை வெண்ணெய் தடவி, நாய் தானாக மூக்கை நுழைத்து நக்கட்டும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்க்காத வகைதானா என்று பார்த்து வாங்குங்கள், அது நாய்க்கு விஷம். மூக்கை உள்ளே வைத்துப் பத்து நொடி தானாக நிற்கும்வரை வாரைக் கட்ட வேண்டாம்.

கடைசியாக, பேசப் பிடிக்காத விஷயம். கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பார் வகுத்த ஆறு நிலைக் கடி அளவுகோல் இதற்கு உதவும். முதல் நிலையில் பல் தோலில் படுவதே இல்லை. இரண்டில் படும், துளைக்காது. மூன்றில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், கோரைப்பல்லின் பாதி நீளத்துக்குள். நான்கில் அதைவிட ஆழம். ஐந்தில் பல ஆழமான கடிகள், ஆறில் மரணம். முதல் இரண்டு நிலையில் இருக்கும் நாய்க்கு நல்ல நம்பிக்கை உண்டு. நான்கைத் தொட்ட நாயை, அதுவும் குழந்தை இருக்கும் வீட்டில், 'பாசத்தால் மாற்றிவிடலாம்' என்று வைத்திருப்பது ஆபத்து. அதைவிட மோசம், கடித்த கதையை மறைத்து இன்னொருவருக்குத் தத்துக் கொடுப்பது. கருணைக்கொலை பற்றி மருத்துவரோடு பேச நேர்ந்தவர்களைக் கொலைகாரர் என்று திட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த நாயைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்?

கடி பட்டுவிட்டால், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது வேறு வேலை, அது முடியட்டும் என்று ரேபிஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

உறுமிய நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டப் போகும்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: எத்தனை மணி, எந்த இடம், யார் எவ்வளவு தூரத்தில், வாயிலோ முன்னாலோ என்ன இருந்தது, உறுமுவதற்கு முன் உறைந்து நின்றதா, எவ்வளவு நேரத்தில் அமைதியானது. வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் வீடியோ வேண்டும் என்பதற்காக இன்னொரு தடவை சீண்டி உறுமவைக்காதீர்கள்.