சம்ப்புக்குள் ஒரு குழி வைக்க என்னய்யா செலவு?

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-ல். இத்தனை வருஷம் கழித்தும், மழைத்தண்ணி பிடிக்கிற சம்ப்பின், அதாவது நிலத்தடித் தொட்டியின், தரையை ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி சமமாகப் போட்டுவிட்டுப் போகிற மேஸ்திரிகளை என்ன சொல்லித் திட்டுவது? சேறு ஒதுங்க வாட்டம் (சரிவு) கிடையாது. அது தங்கக் குழி கிடையாது. மூடித் திறப்போ ஒன்றரை அடி. ஆள் இறங்குவதே பெரும்பாடு, இதில் சேற்று வாளியை எந்தப் பக்கமாக ஏற்றுவது?

திறப்பு இரண்டடிக்கு இரண்டடி. அதற்கு நேர் கீழே ஓரடிச் சதுரத்தில் அரையடி ஆழக் குழி. அதை நோக்கிப் பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம். சின்ன சம்ப்புக்கு மிஞ்சிப்போனால் ஒரு மூட்டை சிமெண்ட். அதைக்கூட மிச்சம் பிடித்து யார் கோட்டை கட்டினார்கள்?

அடுத்த கூத்து மாடியில். 1000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 93 லிட்டர். புறா எச்சம், சருகு, புழுதி, உரிந்த பெயிண்ட் எல்லாம் அதோடுதான் வரும். அதை ஒதுக்குகிறேன் என்று மூன்றடி நீளத்தில் நாலு இஞ்ச் பைப்பை மூடி போட்டுத் தொங்கவிடுகிறார்கள். அதில் கொள்வது எட்டு லிட்டர்! மீதி 85 லிட்டர் சாக்கடை நேராக சம்ப்புக்குள். பைப்பில் ஒரு T வடிவ இணைப்பும் வால்வும் போட்டு, முதல் மழையைக் கால் மணி நேரம் வெளியே விட்டால் பாதிச் சகதி உள்ளேயே வராது.

மோட்டார் உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வைத் தரையை ஒட்டி வைப்பது இன்னொரு புத்திசாலித்தனம். சேறு மோட்டார் வழியாக மேல்தொட்டிக்கும் ஏறும். அரையடி உயரத்தில் நிறுத்துங்கள்.

கழுவுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கலக்குகிறார்கள். முதலில் ஃபுட் வால்வு மட்டம் வரை நல்ல தண்ணீரை எடுத்துவிடுங்கள். மிஞ்சியதை வைப்பரால் ஒரு மூலைக்குத் தள்ளி, சேறு இழுக்கிற மட் பம்ப்பால் இழுங்கள், இல்லாவிட்டால் முறத்தால் அள்ளுங்கள். வீட்டு மோட்டாரைச் சேற்றில் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். தண்ணீரின்றி ஓடினால் சீல் கருகும். ஆசிட் ஊற்றினால் சிமெண்ட் பூச்சு அரிக்கும், ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நார் பிரஷ் போதும்.

தனியாக இறங்கவே இறங்காதீர்கள். சருகு அழுகிய தொட்டியில் நச்சு வாயு இருக்கும். அதன் அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு மரத்துப் போயிருக்கலாம். மூடியைத் திறந்துபோட்டு ஃபேன் வைத்துக் காற்றடியுங்கள். மேலே ஓர் ஆள், கையில் கயிறு. நாற்றம் துளி இருந்தாலும் வெளியிலிருந்தே இழுங்கள். பெட்ரோலில் ஓடுகிற பம்ப்பை உள்ளே இறக்குவது தற்கொலை, அதன் புகையே ஆளைக் கொல்லும்.

சகதிக்கு மேலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு. குளோரினை முழுக்கச் சேறே தின்றுவிடும். கழுவிய பிறகு, 10 லிட்டர் வாளிக்கு இரண்டு தேக்கரண்டி பவுடர் கரைத்து, அதிலுள்ள சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் சுவரில் பூசி, அரை மணி கழித்து அலசுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, அள்ளிய சகதியைக் கொண்டுபோய் மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிற உறைகிணற்றில் கொட்டுகிறீர்களே! அதிலுள்ள மணலும் ஜல்லியும் அடைத்துக்கொண்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் கேட் வரை நிற்கும். தென்னைக்குப் போடுங்கள், அதுவாவது பிழைக்கட்டும்.