கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நெடுந்தீவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையையும் தீவின் குதிரைகளையும் நன்றாகச் சொல்கிறது. ஆனால் ஊருக்குள் நீளும் கல்வேலிகளுக்கு ஒரே ஒரு வரிதான். எனக்கு அது மனக்குறை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். இறங்கியதும் கண்ணில் படுவது பனையும் இந்த வேலிகளும்தான். சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாமல், பவளக்கல்லைக் கல்மேல் கல்லாக அடுக்கியே கட்டியவை. கிட்டப் போய்ப் பாருங்கள்: பவளப் பூச்சிகள் இருந்த சின்னச் சின்னக் குழிகள், மூளை மடிப்பு மாதிரி வரிகள், எல்லாம் இன்னும் அப்படியே இருக்கின்றன. கோட்டையும் இதே கல்தான்.

போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் 'பசுக்களின் தீவு' என்றார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் நகரான டெல்ஃப்ட்டின் பெயரை வைத்தார்கள். அரசாங்கப் பதிவுகளில் அது இன்றும் நிற்கிறது. சரி, நிற்கட்டும். கடலுக்குப் போகிறவர் வாயில் வருவது நெடுந்தீவுதான்.

இன்னொன்று, தண்ணீர். இங்கே ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். குதிரைகளும் மாடுகளும் மனிதரும் நெடுங்காலமாகப் பெரிதும் நம்பியிருந்தது அந்தப் படலத்தைத்தான். அடுத்த கட்டுரையில் கிணறுகளைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.