டார்க் சாக்லேட் பாரின் பின்பக்கத்தைப் படிப்போம்: பாதாம் எத்தனை, சர்க்கரை எவ்வளவு

பாதாம் போட்ட டார்க் சாக்லேட் என்றாலே "உடம்புக்கு நல்லது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். கறுப்பு ரேப்பரும் முன்பக்கத்துப் பாதாம் படமும் சேர்ந்து இந்த எண்ணத்தை வளர்க்கின்றன. ஆனால் இரண்டு பார்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் சதவீதக் கணக்கு. 70% கோகோ என்றால், கோகோ மாஸ் (கோகோக் கொட்டையை அரைத்த கூழ்), தனியாகச் சேர்த்த கோகோ வெண்ணெய், கோகோ பவுடர் மூன்றும் சேர்ந்து 70. மீதி 30 கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரைதான். பருப்பு போட்ட பாரில் இந்த 70 என்பது வழக்கமாகச் சாக்லேட் பகுதிக்கு மட்டுமான கணக்கு, மொத்த எடைக்கு இல்லை.

இந்தியாவில் ஒரு பொருளைப் படமாகவோ பெயராகவோ முன்பக்கத்தில் எடுத்துக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்று போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. அதனால் பாதாம் அளவு பின்னால் இருக்கும், தேடுங்கள். 55% கோகோ, 12% பாதாம் என்று போட்ட 40 கிராம் பார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதாம் 4.8 கிராம். ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம், ஆகவே நான்கு பாதாம். சாக்லேட் 35 கிராம், அதில் 45% சர்க்கரை என்றால் ஏறக்குறைய 16 கிராம், அதாவது நான்கு டீஸ்பூன். அதே 40 கிராமில் 70% கோகோ, 20% பாதாம் உள்ள பார் என்றால் சர்க்கரை 10 கிராமுக்குள் வந்துவிடும், பாதாம் ஆறேழு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "டார்க் சாக்லேட் வித் ஆல்மண்ட்" தான்.

சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் இருக்கும். முதல் சொல் சர்க்கரை என்றால் அந்தப் பாரை நான் டார்க் சாக்லேட்டாகக் கணக்கில் எடுக்க மாட்டேன். கோகோ மாஸ் முதலில் இருக்க வேண்டும். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண். அதில் 322 என்பது கலவை பிரியாமல் வைக்கும் லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. அரை சதவீதம் போலத்தான் சேர்ப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது தாவரக் கொழுப்பைத்தான். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பாமாயில் வகைக் கொழுப்பைப் போட்டுச் செய்வது காம்பவுண்ட் சாக்லேட். விலை குறைவு, வெயிலில் சீக்கிரம் உருகாது, உருக்கிப் பதமாகக் குளிரவைக்கும் டெம்பரிங் வேலை தேவையில்லை. "ஹோம்மேட்" என்று எடைபோட்டு விற்பதிலும் இது நிறையக் கலக்கிறது. வாயில் போட்டதும் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டினால் அது காம்பவுண்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு நுணுக்கம். "கேரமலைஸ்டு ஆல்மண்ட் 20%" என்று போட்டிருந்தால் அந்த இருபதுக்குள்ளேயே சர்க்கரையும் இருக்கிறது. பருப்பைச் சர்க்கரைப் பாகோடு சேர்த்துச் செய்யும் பிரலைன், பிரிட்டில் இரண்டும் அப்படித்தான். உலர்திராட்சை சேர்ந்த பாரில் "சேர்த்த சர்க்கரை" என்ற வரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். திராட்சையின் சர்க்கரை "மொத்தச் சர்க்கரை"யில்தான் வரும்.

இனி சத்து. 70–85% டார்க் சாக்லேட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 600 கலோரி, கொழுப்பு 43 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 24, சர்க்கரை 24, நார்ச்சத்து 11, புரதம் 8, மெக்னீசியம் 228 மில்லிகிராம். பாதாமில் கலோரி 580 இருக்கும். ஆகவே பாதாம் சேர்ப்பதால் கலோரி குறையாது. குறைவது சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும்தான்: பாதாமில் நிறைவுற்ற கொழுப்பு 100 கிராமுக்கு 4 கிராம்கூட இல்லை. புரதம் 21 கிராம், வைட்டமின் ஈ 25 மில்லிகிராம். முந்திரி சுவைக்குச் சரி, ஆனால் அதன் நார்ச்சத்து மூன்று கிராமைத்தான் தாண்டும், பாதாமில் பன்னிரண்டு. நிலக்கடலையை யாரும் மதிப்பதில்லை. புரதத்தில் பாதாமையும் முந்தும் அது, விலையும் குறைவு. கசப்பான 70% சாக்லேட்டோடு வறுத்த கடலை அருமையாகச் சேரும். நம் ஊர்த் தயாரிப்பாளர்கள் இதை இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

25 கிராம் துண்டு என்றால் சுமார் 150 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 6 கிராம். லேபிளில் ஒரு நாளுக்கென்று வைத்திருக்கும் 22 கிராமில் இது கால் பங்குக்கும் மேல். கோகோ வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம், அது கெட்ட கொழுப்பான எல்.டி.எல்-ஐ உயர்த்துவதில்லை என்பது உண்மை. ஆனால் பால்மிட்டிக் அமிலமும் கால் பங்கு இருக்கிறது, அது உயர்த்தும். முதல் பாதியை மட்டும் சொல்லி விற்பது சரியில்லை.

இரும்புச்சத்து விஷயமும் இப்படித்தான். 100 கிராமுக்கு 12 மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். கோகோவில் இருக்கும் பாலிபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களே அந்த இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் என்று எழுதுவதில்லை. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு டார்க் சாக்லேட்டைப் பரிந்துரைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு அந்தப் பாலிபீனால்களில் ஒரு வகையான ஃபிளவனால்களை வைத்து வந்தது. 2022-இல் வெளியான காஸ்மாஸ் ஆய்வில் 21,000-க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தினம் 500 மில்லிகிராம் ஃபிளவனால் எடுத்தது மாத்திரையாக, சாக்லேட்டாக அல்ல. அப்படியும் மொத்த இதயநோய் நிகழ்வுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இதயநோய் மரணங்கள் மட்டும் குறைந்தன. பாரில் எத்தனை மில்லிகிராம் ஃபிளவனால் என்று பெரும்பாலும் போடுவதில்லை. கசப்பைக் குறைக்கக் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோவில் அதன் பெரும்பகுதி போய்விடும். பட்டியலில் 'ஆல்கலைஸ்டு' என்றோ ஐ.என்.எஸ். 500, 501 என்றோ இருந்தால் அதுதான்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தக் கூட்டணியில் கவனமாக இருக்க வேண்டும். கோகோ, பாதாம் இரண்டிலுமே கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் அதிகம். கன உலோகம் இன்னொன்று: 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 28 டார்க் சாக்லேட் பார்களைச் சோதித்தது. 23-இல், தினம் சுமார் 28 கிராம் தின்றாலே, ஈயமோ காட்மியமோ அவர்கள் வைத்துக்கொண்ட வரம்பைத் தாண்டியது. காட்மியம் மண்ணிலிருந்து மரத்துக்கு வருகிறது, ஈயம் பெரும்பாலும் கோகோக் கொட்டையைக் காயவைக்கும்போது தூசியில் ஒட்டுகிறது. கோகோ கூடக்கூட இவையும் கூடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தினமும் 85% சாக்லேட் தின்பது நல்லதல்ல. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பட்டியலில் பால் இல்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது, ஒரே இயந்திரத்தில் மில்க் சாக்லேட்டும் ஓடும். "பால் இருக்கலாம்" என்ற வரியை அவர்கள் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை இல்லாத பாரில் இருக்கும் மால்டிடால் என்ற மாற்று இனிப்பும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும்.

வீட்டிலேயே செய்வது கஷ்டமில்லை. 70% சாக்லேட் 150 கிராம், பாதாமோ கடலையோ 75 கிராம். மூன்றில் ஒரு பங்கு பருப்பு, கடைப் பாரில் இது அபூர்வம். பாதாமை 150 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வறுத்து முழுக்க ஆறவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஒரு வாரத்தில் நமத்துப்போகும். 100 கிராம் சாக்லேட்டைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல், தண்ணீர் தொடாமல், 45 டிகிரி வரை உருக்குங்கள். இறக்கி, மீதி 50 கிராமைப் பொடியாக நறுக்கிப் போட்டு 31–32 டிகிரிக்கு இறங்கும்வரை கிளறுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள், லேசாகக் குளிர்ந்தால் பதம். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிந்து கட்டியாகிவிடும். அதைச் சூடான பாலில் கரைத்துக் குடித்துவிடலாம், பாராக வராது. நம் ஊர் வெயிலில் வெளியே உறையாது, அதனால் ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வைத்து எடுங்கள்.

உறைந்தபின் சாம்பல் கோடு விழுந்தால் பதம் தவறிவிட்டது என்று பொருள், மறுபடி உருக்கிச் செய்யலாம். வாரக்கணக்கில் வைத்தபின் பருப்பைச் சுற்றி வெள்ளை படர்ந்தால், பருப்பின் எண்ணெய் சாக்லேட்டுக்குள் ஊறிக் கோகோ வெண்ணெயை மேலே தள்ளியிருக்கிறது. பூஞ்சை அல்ல, தின்னலாம். காறல் வாடை வந்தால்தான் தூக்கிப் போட வேண்டும். வால்நட் போட்டது முதலில் காறும், அதை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.