பழைய லேப்டாப்பில் சத்தம் வராததற்கு டிரைவர் காரணமல்ல

"2010க்கு முந்தைய கணினிகளுக்கு லினக்ஸில் சவுண்ட் டிரைவர் கிடையாது, ரியல்டெக் (ஒலிச் சிப் தயாரிக்கும் நிறுவனம்) தளத்திலிருந்து இறக்கி கம்பைல் பண்ணணும்" என்று ஒரு பதிவில் சொல்லியிருப்பது தவறு. இதை நம்பி யாரும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் கை வைத்துவிட வேண்டாம்.

லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் டிரைவர்கள் 2003இல் வந்த 2.6 பதிப்பிலிருந்தே கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. இன்டெல் எச்டி ஆடியோ என்ற ஒலித் தரம் உள்ள இயந்திரங்களில் ரியல்டெக் சிப் இருந்தாலும் அதே கெர்னல் டிரைவர்தான் இயக்குகிறது. அதற்கு முந்தைய ஏசி97 வகைக்கும் டிரைவர் உள்ளேயே இருக்கிறது.

முதலில் டெர்மினலில் 'ஏபிளே', ஒரு இடைவெளி, 'மைனஸ் எல்' (aplay -l) என்று கொடுத்துப் பாருங்கள். சவுண்ட் கார்டு பெயர் வந்தால் டிரைவர் ஏறிவிட்டது என்று பொருள், சிக்கல் வேறிடத்தில். பெரும்பாலும் மியூட்தான். டெர்மினலிலேயே ஒலி அளவை மாற்றும் அல்சாமிக்சரைத் (alsamixer) திறந்து, எஃப்6 அழுத்தி சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் பட்டைகளின் அடியில் 'எம்எம்' என்றிருந்தால் எம் விசையை அழுத்தினால் திறந்துவிடும். ஹெட்போன் செருகியதும் ஸ்பீக்கரை அணைக்கும் ஆட்டோ மியூட்டையும் அணைத்துப் பாருங்கள்: பழைய ஹெட்போன் துளை பழுதானால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஒலி எச்டிஎம்ஐ பக்கம் போய்க்கொண்டிருப்பதும் சகஜம். ஒலி எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பாவுகன்ட்ரோல் (pavucontrol) செயலியில் அனலாக் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

கார்டே பட்டியலில் இல்லையென்றால் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புகளில் ஆடியோ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 90களின் ஐஎஸ்ஏ என்ற பழைய வகை கார்டுகளில் சிலவற்றுக்கு மட்டும் டிரைவர் மாட்யூலைக் கையால் ஏற்ற வேண்டியிருக்கும்.

செயலிகளின் ஒலியைக் கார்டுக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடச் சொல்லும் அறிவுரையையும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். சில லினக்ஸ் விநியோகங்களில் (டிஸ்ட்ரோக்களில்) டெஸ்க்டாப் தொகுப்புகளையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.