மிளகாய்க்கு அசராத எலி

(மதியக் கூட்டம் கலைந்த நேரம். மெஸ் நடத்தும் சரோஜாக்கா கல்லாவில். கடைசிப் பந்தியில் ஆட்டோ முருகேசன்.)

முருகேசன்: அக்கா, உங்கள் மீன் குழம்பைக் கண் கலங்காமல் சாப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் உண்டு.

சரோஜா: யாரப்பா அந்தப் புண்ணியவான்?

முருகேசன்: ஒரு எலி.

சரோஜா: மெதுவாகப் பேசடா! கை கழுவுகிற இடத்தில் இன்னும் ரெண்டு பேர் நிற்கிறார்கள்.

முருகேசன்: நம்ம ஊர் எலி இல்லைக்கா. கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா பக்கம் மண்ணுக்கடியில் இருக்கும். நேக்கட் மோல் ரேட் என்று பெயர். உடம்பில் பேருக்கு நாலு முடி, அவ்வளவுதான். படத்தைப் பாருங்க.

சரோஜா: அட கண்றாவி! பல்லென்ன வாய்க்கு வெளியே நிற்கிறது?

முருகேசன்: அந்தப் பல்தான் மண்வெட்டி. உதடு பல்லுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். எவ்வளவு தோண்டினாலும் வாய்க்குள் மண் போகாது. கீழே இருக்கிற ரெண்டு பல்லையும் தனித்தனியாக அசைக்கவும் முடியும்.

சரோஜா: சரி, மிளகாய்க்கு வா.

முருகேசன்: மிளகாயில் எரிகிற சரக்கு கேப்சைசின். அதை இதன் பாதத்தில் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். வேறு எலியென்றால் பாதத்தை நக்கியே ஓய்ந்துபோகும். இது கண்டுகொள்ளவே இல்லை. அமிலத்துக்கும் அப்படித்தான். 2008இல் வந்த ஆய்வு.

சரோஜா: மண்ணுக்குள் அமிலத்துக்கு எங்கே போகும்?

முருகேசன்: ஒரே வளையில் எழுபது, எண்பது பேர் அடைந்து கிடந்தால் கரியமில வாயு சேரும் இல்லையா? அது கண்ணிலும் மூக்கிலும் ஈரத்தோடு கலந்தால் அமிலம். நமக்கென்றால் எரிச்சல் தாங்காது. அதோடு குடித்தனம் நடத்தித்தான் அந்த உணர்வே போய்விட்டது என்கிறார்கள்.

சரோஜா: எண்பது பேருக்கு யார் சமைப்பது?

முருகேசன்: கிழங்குதான் சாப்பாடு. தண்ணீர்கூடக் குடிக்காது, கிழங்கின் ஈரமே போதும். பெரிய கிழங்கு கிடைத்தால் உள்ளே கொஞ்சம் சுரண்டித் தின்றுவிட்டு, மண்ணை வைத்து அடைத்துவிடும். கிழங்கு மறுபடி வளரும்.

சரோஜா: இங்கேயும்தான் பாதிச் சோற்றை வைத்து இலையை மூடிவிட்டுப் போகிறான். வளரவா போகிறது?

முருகேசன்: கூட்டத்துக்கு ஒரே ராணி. குட்டி போடுவது அது மட்டும்தான், ஒரே ஈற்றில் இருபதைத் தாண்டினாலும் தாண்டும். மற்றதெல்லாம் வேலையாள். சோம்பிக் கிடக்கிறவனை ராணியே வந்து முட்டித் தள்ளும்.

சரோஜா: நல்ல பொம்பளை. (உள்ளே பார்த்து) மாரி! தட்டைத் தேய்க்கிறாயா, போனைத் தேய்க்கிறாயா? ...நீ சொல். எத்தனை காலம் இருக்கும்?

முருகேசன்: சுண்டெலிக்கு மூணு, நாலு வருடம். இது முப்பதைத் தாண்டும்.

சரோஜா: முப்பது வருடம் ஒரே முதலாளியிடமா! சம்பளம் என்ன கேட்கும்?

முருகேசன்: இன்னும் கேளுங்கக்கா. ஆக்சிஜனே இல்லாமல் 18 நிமிடம் தாங்கும். 2017இல் சோதித்தார்கள். இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு, ஃப்ரக்டோஸ் சர்க்கரையை எரித்து மூளையைக் காப்பாற்றும். செடிகொடிகள் செய்கிற வித்தை அது. அப்புறம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேச்சு. கீச்சிடுகிற சத்தத்தை வைத்தே நம்மவனா, அயலானா என்று கண்டுபிடித்துவிடும்.

(வெளியே ஒரு குரல்: "முருகேசா! ஆட்டோ நிற்கிறது, ஆளைக் காணோமே?")

முருகேசன்: ஐயோ, தண்டல்காரர்!

சரோஜா: முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டாயே! ஏய், அங்கே எங்கே போகிறாய்? அரிசி மூட்டைடா அது.

முருகேசன்: மூட்டைக்குப் பின்னால்தான் போகிறேன். நான் இல்லையென்று சொல்லுங்கக்கா.

சரோஜா: (வாசலைப் பார்த்து) முருகேசனா? கென்யாவுக்குச் சவாரி போயிருக்கிறானே! (குரலைத் தாழ்த்தி) 18 நிமிடம் மூச்சு விடாமல் இரு. அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.