விடுபட்டது ஒரு பந்தி இல்லை

இலங்கை நாடக வரலாறு என்று வரைந்து வைத்த அந்தப் பதாகையின் படம் எல்லார் பக்கத்திலும் ஓடிவிட்டது, நான் மறுபடி போடவில்லை. 1956இல் சரச்சந்திராவின் சிங்கள நாடகம் மனமே, அங்கிருந்து ஒரு நேர்கோடு, கீழே மூலையில் ‘ஏனைய மரபுகள்’ பெட்டிக்குள் தமிழ் அரங்கக்காரர் நாங்கள். கேட்டதற்கு ஏற்பாட்டாளர்கள் சொன்ன பதில் அதைவிட அருமை: விடுபட்டதை ஒரு பந்தியில் எழுதி அனுப்பினால் சேர்த்துவிடுவார்களாம்.

நான் மனமேக்கு எதிரி இல்லை. கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் சரச்சந்திரா செய்தது பெரிய காரியம்தான். ஆனால் அவர் கையிலெடுத்த ‘நாடகம’ என்ற சிங்களப் பாட்டு நாடக மரபு எங்கிருந்து வந்தது? தமிழ்க் கூத்தோடும் கத்தோலிக்க நாடகங்களோடும் அதற்கிருந்த உறவை அவரே தன் ஆய்வில் எழுதிவைத்தார். அவரைக் கொண்டாடுகிறவர்கள் அவர் எழுதியதைப் படிக்க மாட்டார்களா?

சரச்சந்திரா இருந்த அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். மனமே தந்த உந்துதல் அதற்குப் பின்னால் இருந்தது, மறுக்கவில்லை. கடன் இரண்டு பக்கமும் உண்டு. இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கியதை ஒற்றைக் கோடாக வரைந்துவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டால் அது வரலாறு இல்லை. பேராசிரியர் கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் நாடகம் எழுதி மேடையேற்றியது மனமேக்கும் முன்னால். அவர் எந்தப் பெட்டியில்?

“உங்களுக்குத்தான் தனி வரலாறு இருக்கிறதே, சிவத்தம்பியும் மௌனகுருவும் எழுதினார்களே” என்பார்கள். எங்கள் அரங்க ஆய்வாளர்கள், எழுதினார்கள். அதனால் நாட்டின் வரலாற்றில் நாங்கள் வேண்டாமா? எங்கள் வரலாறு தமிழருக்கு மட்டும், அவர்களுடையது நாட்டுக்கே. நல்ல பங்கீடு!

இன்னொருவர் ஆதாரம் கேட்கிறார். என் பெரியப்பா கூத்துக்கு மத்தளம் அடிப்பவர். கூத்துக் களரியில் விடிய விடிய அடித்துவிட்டுக் காலையில் வயலுக்குப் போன மனிதர். அவரைத் தேடி ஓர் ஆய்வாளர் வந்தார். தாளக்கட்டு முழுவதையும் பெரியப்பா சொல்லிக்கொடுத்தார், பெரியம்மா சோறு போட்டு அனுப்பினார். கட்டுரை வந்தபோது அதில் அவர் ‘கிராமத்து முதியவர் ஒருவர்’. பெரியப்பா சிரித்துக்கொண்டார், எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆதாரமாம்! ஆதாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பெயரை அழிப்பது, அப்புறம் ஆதாரம் எங்கே என்று எங்களிடமே கேட்பது.

இது சிங்களம், தமிழ் என்ற சண்டை மட்டும் இல்லை. சரச்சந்திராவுக்கு அந்த மரபைக் கற்றுக்கொடுத்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் பெயரும் அந்தப் பதாகையில் இல்லை. பேராசிரியர்கள் பெயர் நிற்கும், கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் ‘நாட்டார் மரபு’ ஆகிவிடுவார்கள். எந்த மொழியிலும் இதுதான் கதை.

“83 கலவரத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் நாடகம் எங்கே நடந்தது?” என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். 1985இல் மண் சுமந்த மேனியர் போட்டார்கள், ஐயா. குழந்தை சண்முகலிங்கம் எழுதியது, சிதம்பரநாதன் நெறியாள்கை. சனம் ஊர் ஊராகக் கூடிப் பார்த்தது. கொழும்பில் தெரியவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமா? இதற்கு மேல் அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது.

மலையகத் தோழி ஒருத்தி உள்பெட்டியில் கேட்டாள், “உங்கட பட்டியலில காமன் கூத்து எங்க?” அவள் கேட்கலாம். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் எழுதிய தமிழ் அரங்க வரலாற்றில் தோட்டத்துக் கூத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தோம் என்று கணக்குப் பார்த்தால் எங்களுக்கும் முகம் கறுக்கும். ஆனால் அவளுடைய கேள்வியைத் தூக்கிக்கொண்டு “பார், நீங்களும் அப்படித்தானே” என்று பதாகைக்காரர்கள் இங்கே வரவேண்டாம். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு அந்தப் பந்தியை எழுதித் தரப்போவதில்லை.