சிலுவையில் அறைந்தது ரோம்

அந்தப் பெரிய வெள்ளி பிரசங்க வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் எல்லாரும் பார்த்தாச்சு. ஆனால் "பிலாத்து பாவம், நல்ல மனுஷன், யூதர்கள்தான் விடவில்லை" என்று அதில் போதகர் சொன்னதற்குச் சபையே ஆமென் போட்டதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இயேசுவைச் சிலுவையில் அறைந்தது ரோம். தீர்ப்பு சொன்னது ரோம ஆளுநர் பிலாத்து. ஆணி அடித்தது ரோமச் சேவகர். சிலுவையே ரோமின் தண்டனை. தலைக்கு மேல் எழுதி வைத்த குற்றம் "யூதருடைய ராஜா". அது இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, எதிரான கலகக் குற்றம். விசுவாசப் பிரமாணத்தில் நாம் பேர் சொல்லுவதும் பொந்தியு பிலாத்துவைத்தான்.

அந்த நல்ல மனுஷன் யார்? கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். இராயனின் உருவம் வைத்த கொடிகளை ராத்திரியோடு ராத்திரியாக எருசலேமுக்குள் கொண்டுவந்தான். ஜனங்கள் அவன் இருந்த செசரியாவுக்குப் போய் நாள்கணக்கில் தரையில் கிடந்து, உருவிய வாளுக்குக் கழுத்தை நீட்டிய பிறகுதான் திரும்ப எடுத்தான். ஆலயப் பணத்தை எடுத்து நீர்க்கால்வாய் கட்டினான். எதிர்த்துக் கூடியவர்களுக்குள் சாதாரண உடையில் ஆட்களை விட்டுத் தடியால் அடிக்க வைத்தான். எல்லாம் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் கெரிசீம் மலைப்பக்கம் கூடிய சமாரியரை வெட்டியதால்தான் சீரியா ஆளுநர் அவனை ரோமுக்குத் துரத்தினார். கை கழுவினான், சரி. கழுவின கையோடுதானே ஒப்புக்கொடுத்தான்?

"பிரதான ஆசாரியன் காய்பா கேட்டுத்தானே கொடுத்தான்" என்பீர்கள். ஆலயத் தலைவர்களுக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் காய்பாவை நியமித்தது யார்? பிலாத்துவுக்கு முன்பிருந்த ரோம ஆளுநர் வலேரியுஸ் கிராத்துஸ். பிரதான ஆசாரியனின் திருவுடையே அந்தோனியா கோட்டையில் ரோமர் காவலில் பூட்டிக் கிடந்தது. பண்டிகைக்குப் பண்டிகை வாங்கி உடுத்திவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவனையா ஒரு ஜாதி ஜனம் முழுவதற்கும் பொறுப்பாளி ஆக்குகிறீர்கள்?

"மத்தேயு 27:25? 'இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக' என்று ஜனங்களே சொன்னார்களே?" அன்றைக்கு அந்த முற்றத்தில் எத்தனை பேர் நின்றிருக்க முடியும்? அழுதுகொண்டே பின்னால் போன ஸ்திரீகள் யார்? மரியாள் யார்? பேதுரு யார்? எல்லாரும் யூதர்தானே?

வாலிபர் ஐக்கியத்தில் இருந்தபோது பாடுகளின் நாடகத்தில் எனக்கு ரோமச் சேவகன் வேஷம். அட்டையில் செய்த மார்க்கவசம், கையில் ஈட்டி. ஓரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முள்முடி வைப்பது, துப்புவது, கோலால் தலையில் அடிப்பது எல்லாம் தாடி ஒட்டிய "யூதப்" பையன்களுக்கு. முள்முடி பின்னியது தேசாதிபதியின் சேவகர் என்று மத்தேயு தெளிவாகச் சொல்கிறார். அதைக் கேட்டதற்கு, "ரொம்பப் படிச்சிட்டியோ" என்று எல்லார் முன்னாலும் அதட்டினார்கள். அது இன்னும் எனக்குள் இருக்கிறது.

1968-ல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் கிடைத்த குதிகால் எலும்பின் படத்தைத் தேடிப் பாருங்கள். ஆணி குறுக்கே பாய்ந்து, நுனி மடங்கி, பிடுங்க முடியாமல் அப்படியே நிற்கிறது. அந்த ஆள் யூதன். பேர் யோகனான். கி.பி. 70 எருசலேம் முற்றுகையில், உணவு தேடி வெளியே வந்து பிடிபட்டவர்களில் ஒரு நாளைக்கு 500 பேரையும் அதற்கு மேலும் ரோமத் தளபதி தீத்துவின் படை சிலுவையில் அடித்தது, நட இடமில்லை, அடிக்கச் சிலுவை இல்லை என்று எழுதுகிறார் யோசேப்பஸ். சிலுவை சுமந்த ஜனம் அது. அவர்களைப் போய் சிலுவையில் அறைந்த ஜனம் என்கிறோம். 70-ல் ஆலயம் எரிந்ததையும் "கிடைக்க வேண்டியது கிடைத்தது" என்று மைக்கில் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சு பேச்சோடு நிற்கவில்லை ஐயா. 1096-ல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டம் ஜெர்மனியின் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதக் குடும்பங்களைக் கொன்றது, கிறிஸ்துவின் இரத்தத்துக்குப் பழி வாங்குகிறோம் என்று சொல்லித்தான். அன்றிருந்த யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் இந்தப் பழியைப் போடக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-லேயே சொல்லிவிட்டது. நமக்கு இன்னும் நேரம் வரவில்லையா?

இதைக் கமெண்டில் சொன்னதற்கு "யூத ஏஜெண்ட்" என்கிறார்கள். காசாவில் நடப்பதை நான் நியாயப்படுத்துகிறேனாம்! எங்கே எழுதினேன், காட்டுங்கள். இன்றைய அரசாங்கம் செய்வதைத் தாராளமாகக் கண்டியுங்கள், நானும் கண்டிக்கிறேன். அதற்காகப் பிலாத்துவைப் புனிதனாக்க வேண்டுமா?

ஏஜெண்ட் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், டெலிட் செய்யமாட்டேன். ஆனால் பிலாத்து நல்லவன் என்று வாதாட வருகிறவர் முதலில் லூக்கா 13:1-ஐத் திறந்து, அவன் யாருடைய இரத்தத்தை எதோடு கலந்தான் என்று வாசித்துவிட்டு வாருங்கள்.